இருபதாவது அங்கி

மரியநாயகி தைத்தது பத்தொன்பது வெள்ளை அங்கிகள். மண்டபத்தில் ஓடித் திரிந்தவை இருபது.

அவள் எண்ணியது ஜூஸுக்காகத்தான். சமையலறையின் பரிமாறும் யன்னலுக்குள்ளால் கப்புகளை நீட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் வரிசையில் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அவள் படிப்பிக்கும் மறைக்கல்வி வகுப்பில் பத்தொன்பது பேர். பத்தொன்பது கப் ஊற்றியிருந்தாள். தட்டம் வெறுமையான பிறகும் வரிசையில் ஒரு பிள்ளை நின்றது. தலை குனிந்திருந்தது. அவிழ்ந்த தலைமயிர் முன்னால் விழுந்து முகத்தை மூடியிருந்தது.

"பொறு பிள்ளை, ஊத்தித் தாறன்," என்று சொல்லிப் போத்தலைத் திறந்து ஊற்றிவிட்டுத் திரும்பினாள். யன்னலுக்கு வெளியே ஒருவரும் இல்லை.

2007ஆம் ஆண்டு ஒக்ரோபர் 31, புதன்கிழமை. மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளி மூன்று நாள்தான் ஆகியிருந்ததால் ஐந்து மணிக்கே கிழக்கு லண்டனின் செவன் கிங்ஸ் இருண்டு கிடந்தது. கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னாலிருந்த அந்தப் பழைய மண்டபத்தில் தரைக்குப் பூசிய மெழுகின் மணமும், ஈரம் ஊறிய சுவரின் மணமும், கலாவதி அக்கா பொரித்துக் கொண்டுவந்திருந்த ரோல்ஸின் எண்ணெய் மணமும் ஒன்றோடொன்று கலந்து நின்றன. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பின்னால் ரயில் ஓடும்போது யன்னல் கண்ணாடிகள் எல்லாம் சேர்ந்து மெல்ல நடுங்கின. எங்கோ தெருவில் வெடி கொளுத்தினார்கள். லண்டனுக்கு வந்து நாலு வருசம், அதற்கு முதல் ஜெர்மனியில் எட்டு வருசம்; இன்னமும் அந்தச் சத்தத்துக்கு மரியநாயகியின் தோள்கள் ஒருமுறை உயர்ந்து இறங்கும்.

இந்த விழாவே அவளுடைய யோசனை. ஒக்ரோபர் பிறந்ததும் இந்த நாட்டுப் பேய்வேஷ இரவுக்காகக் கடைகளில் பூசணிக்காயும் எலும்புக்கூடும் வந்து தொங்கும். அவளுடைய மகள், ஏழு வயது துஷ்யா, கறுப்புக் கடதாசியில் வெட்டிய வௌவாலோடு பள்ளிக்கூடத்தால் வருவாள். வகுப்பில் எல்லாரும் வேஷம் போட்டு வீடு வீடாகப் போகிறார்கள், நான் மட்டும் ஏன் போகக்கூடாது என்று கேட்டு அழுவாள். மற்றத் தாய்மாருக்கும் இதே பிரச்சினைதான். சிலர் முன்விளக்கை அணைத்துவிட்டு, யார் தட்டினாலும் சத்தம் காட்டாமல் பின்னறையில் இருந்தார்கள். சிலர் பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு அனுப்பிவிட்டு, கோயிலில் அதைப்பற்றி வாய் திறக்காமல் இருந்தார்கள்.

"சின்னப்பிள்ளைதானே, ஒரு நாளைக்குப் போகட்டுமன்," என்றான் அவள் கணவன் பிரதாபன். அவன் வயரிங் வேலை செய்கிறவன், இந்த ஊரின் பழைய வீடுகளின் நிலவறைகளுக்குள்ளும் கூரைகளுக்குள்ளும் தவழ்ந்து திரிகிறவன், எதற்கும் பயப்படமாட்டான். "ஜெர்மனியில பிள்ளையள் லாந்தர் கொண்டு ஊர்வலம் போகேக்க நீரும் பின்னால போனனீர்தானே?"

"அது ஒரு புனிதரின்ர பேரில. இது பேயின்ர பேரில. முன்பின் தெரியாத சனத்தின்ர கதவைத் தட்டி என்ர பிள்ளை கை நீட்ட நான் விடன்."

மறுநாள் சகல புனிதர் திருநாள் என்பதால் சுவாமியார் மண்டபத்தைத் தந்தார். முகமூடி இல்லை, கறுப்பு இல்லை. எல்லாருக்கும் ஒரே வெள்ளை அங்கி, நெற்றியில் வெள்ளி நட்சத்திரம், நெஞ்சில் ஒரு அட்டை. அட்டையில் மேலே பிள்ளையின் பெயர், கீழே ஒரு புனிதரின் பெயர். பக்கத்து ஊரான இல்ஃபேர்ட்டில் வாங்கிய ஒரே துணிச்சுருளிலிருந்து இரண்டு கிழமையாக வெட்டித் தைத்தாள். ஒவ்வோர் அங்கியும் அவளுடைய கைக்குள்ளால் போனது. அதனால்தான் எண்ணிக்கை பிழைக்காது என்று அவளுக்குத் தெரியும்.

சமையலறையில் ரோல்ஸ் அடுக்கிக்கொண்டிருந்த கலாவதி அக்காவிடம் கேட்டாள். "அக்கா, ஆரும் வேற பிள்ளையைக் கொண்டுவந்து விட்டவையோ?"

"ஆற்றையோ மச்சாளின்ர பிள்ளையாய் இருக்கும். சாப்பாடு காணும்தானே?"

"சாப்பாடு காணும். அங்கி எங்கால வந்தது?"

"போன நத்தார் நாடகத்தில தேவதை வேஷத்துக்கு உடுத்ததாய் இருக்கும். வெள்ளையெண்டால் எல்லாம் வெள்ளைதான் பிள்ளை." கலாவதி அக்கா சிரித்துவிட்டு அடுத்த பெட்டியைத் திறந்தார்.

மரியநாயகி பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளைத் தரையில் இருத்தி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். பத்தொன்பது பெயர். பத்தொன்பது பேரும் கை உயர்த்தினார்கள். பதிவேட்டை மூடினாள்.

"ரீச்சர்," என்றது ஒரு குரல், பின்வரிசையிலிருந்து. "என்னைக் கூப்பிடேல்லை."

தமிழ்தான். சுத்தமான தமிழ். இங்கே பிறந்த பிள்ளைகளின் நாக்கில் எப்போதும் ஒட்டியிருக்கும் ஆங்கில வாடை அதில் இல்லை.

"ஆர் அது? எழும்பி நில்லுங்கோ."

யாரும் எழும்பவில்லை. முன்னால் இருந்தவர்கள் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பொடியன் கெக்கட்டம் விட்டான், அதோடு எல்லாரும் சிரிக்கத் தொடங்கினார்கள். பகிடி விடுகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் பதிவேட்டைத் திறந்து பெயர்களை இன்னொரு முறை எண்ணினாள்.

ஆறு மணியளவில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

திறந்தாள். வாசலில் நாலு வெள்ளைக்காரப் பிள்ளைகள். ஒரு சூனியக்காரி, இரத்தம் பூசிய இரண்டு பேர், எலும்புக்கூட்டு முகமூடி போட்ட சின்னவள் ஒருத்தி. கேற்றடியில் அவர்களின் தாய் நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு பேரும் செம்மஞ்சள் வாளிகளை நீட்டினார்கள். மரியநாயகி ஆங்கிலத்தில், இது கோயில் மண்டபம், நாங்கள் இதெல்லாம் கொண்டாடுவதில்லை, மன்னியுங்கோ என்று பதமாகச் சொன்னாள்.

சின்னவள் அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய முழங்கைக்குக் கீழாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல முகமூடியை நெற்றிக்கு ஏற்றினாள். வாய் திறந்தபடி இருந்தது. வாளி கையிலிருந்து நழுவி, இனிப்புகள் படியில் உருண்டன. ஒரு அடி பின்னால் வைத்தாள். இன்னொரு அடி. பிறகு கத்திக்கொண்டு ஓடிப்போய்த் தாயின் காலைக் கட்டிப்பிடித்தாள்.

தாய் குனிந்து என்னவென்று கேட்டாள். அழுகைக்கு நடுவே சின்னவள் சொன்ன பதில் மரியநாயகிக்குத் தெளிவாகக் கேட்டது.

அந்தப் பிள்ளைக்கு இன்னும் முகம் வரவில்லையாம்.

மரியநாயகி திரும்பினாள். மண்டபம் முழுக்க வெள்ளை அங்கிகள் ஓடின, விழுந்தன, எழும்பின. அவளுக்கு மிகக் கிட்ட, இரண்டு எட்டுத் தூரத்தில், ஒன்று மட்டும் ஓடாமல் நின்றது. முதுகைக் காட்டிக்கொண்டு. அவிழ்ந்த தலைமயிர் தோள் வரை கிடந்தது. அவள் கையை நீட்டினாள். அதே நேரம் கூட்டமாக ஓடிவந்த பிள்ளைகள் இருவருக்கும் இடையில் புகுந்தார்கள். அவர்கள் கடந்து போனபோது அந்த இடம் வெறுமையாக இருந்தது.

கதவைப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பைக்குள் வைத்தாள். பூட்டிய பிறகுதான், தான் எதை வெளியே விடாமல் பூட்டுகிறாள் என்ற நினைப்பு வந்தது.

மெழுகுதிரி ஊர்வலத்தோடு விழா முடியவேண்டும். சிறிய கண்ணாடிப் போத்தல்களுக்குள் மெழுகுதிரிகளை ஏற்றி வைத்து ஒவ்வொரு பிள்ளையிடமும் கொடுத்தாள். கலாவதி அக்கா மேடையடியில் நின்று செபமாலை தொடங்க, மரியநாயகி பெரிய விளக்குகளை அணைத்தாள். இருட்டு ஒரேயடியாக வந்து விழுந்தது. பிறகு சின்னச் சின்ன மஞ்சள் வெளிச்சங்கள் சுவரோரமாக வரிசையில் நகரத் தொடங்கின. கீழிருந்து வந்த ஒளியில் பிள்ளைகளின் நாடிகளும் மூக்கின் அடிகளும் மட்டும் தெரிந்தன. அவள் கிழமைதோறும் பார்க்கிற முகங்கள். ஒன்றையும் அவளால் அடையாளம் காண முடியவில்லை. மெழுகு உருகும் மணத்துக்கு அடியில் வேறொரு மணம் இருந்தது, நெடுங்காலம் மூடிக் கிடந்த அலுமாரியைத் திறந்தது போல.

வெளிச்சங்களை எண்ணினாள். பத்தொன்பது.

தலைகளை எண்ணினாள்.

வரிசையின் கடைசியில் துஷ்யா வந்தாள். அவளுடைய இடக்கையில் போத்தல். வலக்கை பின்னால் நீண்டு, விளக்கில்லாத ஒன்றின் கையைப் பிடித்திருந்தது. அது வெளிச்சத்துக்குள் வராமல் துஷ்யாவின் நிழலுக்குள்ளேயே நடந்து வந்தது. இப்போது அதன் தலைமயிர் அவிழ்ந்திருக்கவில்லை. இரட்டைப் பின்னல். காலையில் மரியநாயகி துஷ்யாவுக்குப் போட்டுவிட்ட அதே இரட்டைப் பின்னல்.

மரியநாயகி முழந்தாளிட்டு மகளைத் தன் பக்கம் இழுத்தாள்.

"துஷ்யா, இது ஆர்?"

"தெரியாது அம்மா. ஷி இஸ் கோல்ட், கையெல்லாம் குளிருது. அவவுக்குப் பேரும் இல்லையாம்." துஷ்யாவின் நெஞ்சில் அட்டை இல்லை. ஊசி குத்தியிருந்த இடத்தில் இரண்டு சிறு துளைகள் மட்டும் இருந்தன. "நான் என்ர பேரைக் குடுத்தனான். இல்லாதாக்களுக்குக் குடுக்கவேணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

மரியநாயகி நிமிர்ந்தாள். துஷ்யாவின் பின்னால் பார்த்தாள். இருட்டு. சுவர். ஒருவரும் இல்லை.

"இஞ்சயே நில். அசையாத. அம்மா லைற்றைப் போட்டிட்டு வாறன்."

ஆளி கதவடியில் இருந்தது. பதினைந்து எட்டுத் தூரம். சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள். ரயில் ஒன்று வந்தது. கண்ணாடிகள் நடுங்கின. செபமாலைச் சத்தம் அதற்குள் அமிழ்ந்து போனது. விரலுக்கு ஆளி தட்டுப்பட்டது. அமத்தினாள்.

வெளிச்சம்.

பிள்ளைகள் கண்ணைக் கசக்கினார்கள். அவள் எண்ணினாள். பத்தொன்பது அங்கி. மறுபடி எண்ணினாள். பத்தொன்பதேதான். விட்ட இடத்திலேயே துஷ்யா நின்றாள், முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு. நெஞ்சில் அட்டை இருந்தது. 'துஷ்யா' என்று மரியநாயகியின் கையெழுத்து.

திரும்ப வாங்கிவிட்டாள் போல. நல்லது.

ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள். பிள்ளை அவளுடைய வயிற்றுக்குள் முகத்தைப் புதைத்தது. உடம்பு குளிர்ந்து கிடந்தது. ஹீற்றர் சரியாக வேலை செய்யவில்லை என்று நினைத்தாள். அதற்குப் பிறகு அந்தக் கையை அவள் விடவேயில்லை. பிள்ளைகள் சாப்பிட்டு மிஞ்சிய ரோல்ஸைப் பொட்டலங்களாகக் கொடுக்கும்போதும், பெற்றோரோடு கதைக்கும்போதும், இடக்கையால் பதிவேட்டில் ஒவ்வொரு பெயராக வெட்டும்போதும் பிள்ளை அவளோடு ஒட்டிக்கொண்டே நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. நித்திரைக் களைப்பு.

ஏழேகாலுக்குப் பிரதாபன் வேலை உடுப்போடு வந்தான்.

"என்ன, ஒரு மாதிரி வெளிறிப்போய் நிக்கிறீர்?"

"ஒண்டுமில்லை. பிள்ளையைக் கொண்டு போங்கோ. களைச்சுப்போனா. நான் கூட்டிப் பூட்டிப்போட்டு வாறன்."

அவளே குனிந்து தூக்கிக் கொடுத்தாள். பிள்ளை எதிர்பார்த்ததைவிட இலேசாக இருந்தது. அவனுடைய தோளில் முகத்தைப் புதைத்துக் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அவர்கள் போகும்வரை வாசலில் நின்று பார்த்தாள். வீடு ஐந்து நிமிட நடைதான்.

பதிவேட்டில் பத்தொன்பது பெயரும் வெட்டுப்பட்டிருந்தன. கலாவதி அக்காவும் மகனின் காரில் போய்விட்டார். யாரோ ஒருவரின் மச்சாளின் பிள்ளை; வந்த மாதிரியே போயிருக்கும். இதைப் போய்ப் பெரிதாக எடுத்தேனே என்று தன்னையே கடிந்துகொண்டு, மேடைக்கு அடியில் இருந்த சிறு கதவைத் திறந்து மடக்குக் கதிரைகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளத் தொடங்கினாள்.

ஆறாவது கதிரை எதிலோ முட்டியது.

"ஆ," என்றது ஒரு குரல்.

மரியநாயகி கதிரையை வெளியே இழுத்துவிட்டுக் குனிந்தாள். உள்ளே இருட்டு. பழைய திரைச்சீலைகளின் தூசி மணம். தரையோடு தரையாக ஏதோ தவழ்ந்து வருகிற சத்தம். முதலில் ஒரு கை வந்தது. பிறகு வெள்ளி நட்சத்திரம். பிறகு துஷ்யாவின் முகம், தூசியும் சிலந்தி வலையுமாக.

"முடிஞ்சுதோ அம்மா?"

நெஞ்சில் அட்டை இல்லை. இரண்டு துளைகள்.

"அவ சொன்னவ, லைற் வந்தால் எங்களில ஒரு ஆள் ஒளிக்கவேணுமாம். நான் ஒளிச்சனான். வெளிய வரக் கதவு திறக்கேல்லை. உங்களைக் கூப்பிட்டனான் அம்மா. கன தரம் கூப்பிட்டனான்."

கன்னத்தைத் தொட்டாள். சூடாக இருந்தது. மூக்கு ஒழுகியது. மூச்சில் ரோல்ஸும் தோடம்பழ ஜூஸும் மணத்தன. அவளுடைய பிள்ளை. சந்தேகமே இல்லாமல் அவளுடைய பிள்ளை.

கைப்பேசியை எடுத்தாள். இலக்கத்தை இரண்டு தரம் பிழையாக அமத்தினாள். மூன்றாம் தரம் சரியாக அமத்தினாள்.

"ஓம், சொல்லும்." பிரதாபனின் குரல். பின்னால் ரீவி ஓடியது.

"பிள்ளை..." என்றாள்.

"இஞ்சதான் இருக்கிறா. இறங்கமாட்டாவாம். கழுத்தை விடுறாவில்லை, எனக்கு ஜாக்கெற் கழட்டவும் ஏலாமல் கிடக்குது." சிரித்தான். "சாப்பிடவும் மாட்டாவாம். அம்மா வரட்டுமாம்."

"இறக்கி விடுங்கோ."

"என்ன?"

"இறக்கி விட்டிட்டு வெளிய வாங்கோ. இப்பவே. நான் சொல்லுறதைக் கேளுங்கோ!"

ரீவிச் சத்தம் நின்றது. கைப்பேசிக்கு மிகக் கிட்ட யாரோ மெல்ல மூச்சு விட்டார்கள். பிறகு இணைப்பு அறுந்தது.

மண்டபத்தைப் பூட்டவில்லை. பிள்ளையைத் தன் கோட்டுக்குள் அணைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினாள். தெரு முழுக்கப் பிள்ளைகள். வாளிகள். முகமூடிகள். சிரிப்பு. படிகளில் பல்லைக் காட்டிக்கொண்டு எரியும் பூசணிக்காய்கள். ஒன்றும் அவளைப் பயமுறுத்தவில்லை. வாய் செபம் சொல்லியது, பாதியில் மறந்தது, முதலிலிருந்து தொடங்கியது.

அவளுடைய வீட்டு முன்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் படியில் ஏற முதலே கதவு திறந்தது.

பிரதாபன் நின்றான். ஜாக்கெற்றோடு. தோளில் வெள்ளை அங்கி. அவனுடைய முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. வீட்டுக்கு யாரோ விருந்தாளி வந்ததுபோல ஒரு மெல்லிய வியப்பு மட்டும். அவன் மரியநாயகியைப் பார்த்தான். அவளுடைய கோட்டுக்குள் இருந்த பிள்ளையைப் பார்த்தான். கன நேரம் பார்த்தான்.

"ஆற்ற பிள்ளை இது?" என்று கேட்டான்.

"அப்பா," என்றாள் துஷ்யா. "அப்பா, நான்தான்."

அவன் புருவத்தைச் சுருக்கி, விளங்காத பாஷையைக் கேட்கிறவன் போலத் தலையைச் சரித்தான்.

அப்போதுதான் மரியநாயகி அந்தக் கைகளைப் பார்த்தாள். அவனுடைய கழுத்தைச் சுற்றியிருந்த சின்னக் கைகள். அவை கழுத்தோடு நிற்கவில்லை. முதுகில் இறங்கி, இடுப்பைச் சுற்றி, மறுபடி மேலே ஏறி, நெஞ்சுக்குக் குறுக்காக ஒரு முறை. இன்னொரு முறை. கயிறு மாதிரி.

தோளில் கிடந்த தலை மெல்லத் திரும்பியது. துஷ்யாவின் கண்கள். துஷ்யாவின் மூக்கு. துஷ்யாவின் சிரிப்பு. எல்லாம் வந்து முடிந்திருந்தது.

"அம்மா," என்றது, ஆசையாக.

ஒரு கை அவனுடைய நெஞ்சிலிருந்து பிரிந்தது. விரல்களை விரித்தது. வாசலைத் தாண்டி, படிகளைத் தாண்டி, கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் முகத்தை நோக்கி வந்தது. வந்துகொண்டே இருந்தது.